வைரத்துக்கு யார் பொட்டு வைப்பது

கணபதி, கோவை
9 ஜூன் 2025

மதி,

வாட்ஸ்ஆப், இமெயில் எல்லாவற்றிலும் என்னை பிளாக் செய்துவிட்டாய். சரி, காகிதத்தை யாராலும் பிளாக் செய்ய முடியாது. உன் ஜெர்மனி விலாசத்தை உன் தோழி ஹரிதாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி வாங்கினேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

காந்தத்தை அளக்கிற நம் மிஷின் படுத்துவிட்டது. போன வருடம் எப்படி வேலை செய்தது என்று உனக்கு நினைவிருக்கும். வைரத்தின் மேல் பச்சை லேசரை விட்டால் உள்ளிருந்து சிவப்பு வெளிச்சம் வரும். மைக்ரோவேவ் கொடுத்தால் சரியான அலைவரிசையில் அந்தச் சிவப்பு சட்டென்று மங்கும், திரையில் ஒரு பள்ளம் விழும். பக்கத்தில் காந்தம் வந்தால் பள்ளம் இரண்டாகப் பிரிந்து நகரும். முதல்முறை அந்தப் பள்ளத்தைப் பார்த்து நாம் இருவரும் போட்ட கூச்சலில் பக்கத்து இரும்பு பவுண்டரிக்காரர் ஷாக் அடித்துவிட்டது என்று ஓடிவந்தாரே! இப்போது பள்ளம் என்ற பேச்சே இல்லை. சிவப்பு மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. மைக்ரோவேவைப் போட்டாலும் அணைத்தாலும் அது அசைவதில்லை.

பெரியப்பா கெடு வைத்துவிட்டார். "அம்மணி, எங்க சப்மெர்சிபிள் மோட்டாருக்குள்ள இருக்கிற கோளாற உன்ற மிஷினு மூடி கழட்டாமச் சொல்லோணும். ஆயுத பூசைக்குள்ள சொல்லுச்சுன்னா ஷெட்டு உனக்கு. இல்லீன்னா காலி பண்ணிக் குடுத்துரு, வைண்டிங் செக்சன் போட்டுக்கறேன்" என்கிறார். மோட்டார் கம்பெனி அழகிரிசாமி என்றால் கணபதி ஏரியா முழுக்கத் தெரியும், சொன்ன சொல்லை மாற்றாத ஆள். மூன்று வருட உழைப்பு, மதி. ஷெட் போனால் எல்லாம் போச்சு.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். ஜனவரியில் கிளம்பும்போது நல்ல வைரக் கல்லை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத கல்லை மாட்டிவிட்டுப் போனாயா?

அக்ஷயா


உல்ம், ஜெர்மனி
24 ஜூன் 2025

அக்ஷயா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை. தொட்டிருந்தால் எழுதக்கூடாததை எழுதியிருப்பேன்.

உடுமலையில் என் அம்மா வேலை செய்த தென்னந்தோப்பில் ஒரு குலை தேங்காய் குறைந்தாலும் தோப்புக்காரரின் ஆள் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். "மயிலாத்தா, சும்மா கேக்கறேன், எடுத்தயா?" என்பான். அம்மா பானையைக் கவிழ்த்துக் காட்டுவாள். அதே கேள்வியை எஞ்சினியரிங் படித்த நீ நல்ல தமிழில் கேட்டிருக்கிறாய். உனக்கு வெட்கமாக இல்லையா?

நான் ஏன் போனேன் என்று கேட்கவே இல்லையே நீ. போன ஆயுத பூசையன்று மோட்டார் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். உன் பெரியப்பா நம் மிஷினைக் காட்டி, "இது நம்ம அக்ஷயா செஞ்சதுங்க" என்றார். யாரோ என்னைக் காட்டிக் கேட்டதற்கு, "அது ஹெல்ப்பர் புள்ளைங்க" என்றார். நீ பொரித் தட்டோடு பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். அந்தச் சிவப்பு வர வைரத்துக்குள் எந்த இடத்தில் கார்பன் அணு இல்லாமல் போகவேண்டும், அதன் பக்கத்தில் நைட்ரஜன் எப்படி வந்து உட்காரவேண்டும் என்று கணக்குப் போட்டவள் ஹெல்ப்பர்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே போயிருக்கவேண்டும். உனக்காகத்தான் ஜனவரி வரை இருந்தேன்.

மிஷின் விஷயத்துக்கு வருகிறேன். மிஷின் என்ன பாவம் செய்தது? கல்லை அதன் கூட்டிலிருந்து எடுத்துவிடு. வெறும் கூட்டில் லேசரை விட்டுப் பார். சிவப்பு வருகிறதா, இல்லையா? அதைப் பார்த்துவிட்டு யார் திருடி என்று பேசலாம்.

மதிவதனி


கணபதி
11 ஜூலை 2025

மதி,

கல்லை எடுத்தேன். சிவப்பு வருகிறது. கல் இல்லாமலேயே வருகிறது.

கல் என் உள்ளங்கையில் இருக்கிறது. நாம் முதல்நாள் இடுக்கியிலிருந்து நழுவவிட்டு மூலை உடைந்த அதே கல்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், அந்த உடைசல் அப்படியே இருக்கிறது. கேட்டது தப்பு. மன்னித்துக்கொள் என்று எழுதுவது சுலபம், நீ அதை லேசில் வாங்கமாட்டாய் என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சாந்தாமணி பெரியம்மா எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். பெரியப்பாவிடம் நானே சண்டைக்குப் போனேன். "இப்ப என்ன அம்மணி, ஒரு வார்த்தை அப்படி இப்படி வந்துபோட்டுது. மொதல்ல மிஷின ஓட்டிக் காட்டு" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனுசன் சரியான கல்லுளிமங்கன்.

எது இப்படி ஒளிர்கிறது? லென்ஸைத் துடைத்தேன். இரண்டு நாள் கொஞ்சம் குறைந்தது, மறுபடி ஏறிவிட்டது. எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல் இருக்கிறது.

அக்ஷயா


உல்ம்
22 ஜூலை 2025

அக்ஷயா,

துடைத்தால் குறைந்து மறுபடி ஏறுகிறது என்றால், எங்கிருந்தோ புதிதாக வந்து படிந்துகொண்டே இருக்கிறது. சர்க்யூட் சூடாகாமலிருக்க நீ வைத்த ஃபேன் எந்தப் பக்கம் காற்றை இழுக்கிறது என்று பார்.

இன்னொன்று செய். பகலிலேயே ஷெட்டின் ஷட்டரை இறக்கு, ஜன்னலுக்குப் போர்வை கட்டு. லேசரின் பவரைக் குறைத்து, லென்ஸ் வைத்து வெளிச்சத்தை அகலமாக விரி. ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கட்டாயம் போட்டுக்கொள், வீரம் காட்டாதே. அந்தக் கண்ணாடி பச்சையை மறைத்துவிடும், சிவப்பை விட்டுவிடும். பெஞ்சு முழுக்க விளக்கடிப்பதுபோல் அடித்துப் பார். எது வெளிச்சத்தைத் தின்றுவிட்டுச் சிவப்பாகக் கக்குகிறதோ அது தானாகவே தெரியும்.

மன்னிப்பு வந்து சேர்ந்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.

மதி


கணபதி
6 ஆகஸ்ட் 2025

மதி! மதி! மதி!

இதை நீ உட்கார்ந்துகொண்டு படி.

ஷட்டரை இறக்கிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேசரை விரித்தேன். ஷெட்டே கும்மிருட்டு. பெஞ்சு இருட்டு, ஸ்க்ரூ டிரைவர் இருட்டு, என் கைகூடத் தெரியவில்லை. மிஷின் பக்கம் திருப்பினேன். லென்ஸ் குழாய்க்கு நேர் மேலே, காற்று உள்ளே போகிற ஓட்டைக்குப் பக்கத்தில், மூன்று பொட்டுகள் தணல் மாதிரி எரிந்துகொண்டிருந்தன. விரல் ரேகைகூடத் தெரிந்தது! அங்கிருந்து ஃபேன் வரைக்கும், ஃபேனிலிருந்து லென்ஸ் வரைக்கும் பொடிப்பொடியாகச் சிவப்பு.

குங்குமம், மதி. போன ஆயுத பூசையில் பெரியம்மா வைத்த குங்குமம். சந்தனத்தை மறுநாளே துடைத்துவிட்டோம், குங்குமத்தைத் துடைக்கக்கூடாது என்று பெரியம்மா விடவில்லை. அது காய்ந்து உதிர உதிர ஃபேன் உறிஞ்சி லென்ஸில் கொட்டியிருக்கிறது. கடையில் பாக்கெட்டில் வாங்கின குங்குமம், அதில் ஏதோ சாயம் கலந்திருக்கிறான். பச்சை வெளிச்சம் பட்டால் வைரத்தைவிட நூறு மடங்கு அது மினுங்குகிறது. அந்த வெள்ளத்தில் நம் கல்லின் பள்ளம் மூழ்கிப்போனதில் ஆச்சரியம் இல்லை.

நான் கத்தின கத்தில் பெரியம்மா ஓடிவந்தார். கண்ணாடியைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டேன். பார்த்தவர் அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏங்கண்ணு, சாமி கண்ணத் தொறந்துபோட்டாரா?" என்றார். "சாமி இல்லீங்க பெரியம்மா, நீங்க வெச்ச பொட்டு. அதுதாங்க இத்தனை மாசமா மிஷினக் கெடுத்துது" என்றேன். முகம் சுண்டிப்போய்விட்டது. "நல்லதுன்னுதான கண்ணு வெச்சேன்" என்று முந்தானையால் துடைக்க வந்தார். ஐயோ, தொடாதீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் பிரித்து ஸ்பிரிட்டில் கழுவினேன். பள்ளம் வந்துவிட்டது! ஆழம் குறைவு, லென்ஸின் பூச்சுக்குள் சாயம் இறங்கியிருக்கிறது போல. ஆனால் வந்துவிட்டது. நான் தனியாக ஷெட்டுக்குள் குதித்தேன், கூடக் குதிக்க நீ இல்லை.

அக்ஷயா


உல்ம்
18 ஆகஸ்ட் 2025

அக்ஷயா,

நான் வேலை பார்க்கும் லேபில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கம்பெனியில் ஆயுத பூசைக்கு ஒரு பழக்கம் உண்டு. அவரவர் ஓட்டுகிற மிஷினுக்கு அவரவர்தான் பொட்டு வைக்கவேண்டும். லேத்துக்கு லேத்துக்காரர், வைண்டிங் மிஷினுக்கு வைண்டிங் போடும் அக்கா. முதலாளியானாலும் அடுத்தவர் மிஷினைத் தொடுவதில்லை. அன்றைக்கு நான் குளித்து, புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, சந்தனத்தைக்கூடக் குழைத்து வைத்திருந்தேன். உன் பெரியம்மா என்னைத் தாண்டிப் போய் நம் மிஷினுக்குப் பொட்டு வைத்தார். ஹெல்ப்பர் என்பது பிறகு வந்தது, எனக்கு முதலில் வலித்தது இதுதான். நான் வைத்திருந்தால் லென்ஸிலிருந்து ஒரு முழம் தள்ளி, மிஷின் காலில் வைத்திருப்பேன். என்னை விட்டிருந்தால் மிஷின் ஒருநாள்கூடப் படுத்திருக்காது.

பார்சலில் இரண்டு சாமான்கள் இருக்கின்றன. ஒன்று புது ஃபில்டர். குங்குமச் சாயம் கக்குவது ஆரஞ்சுக்குப் பக்கத்துச் சிவப்பு. வைரம் தருவது அதைவிட அடர்ந்த சிவப்பு. இந்த ஃபில்டர் அடர்ந்ததை மட்டும் விடும். இன்னொன்று, இங்கே லேபில் செயற்கையாக நானே வளர்த்த புது வைரக் கல். லேப் தலைவரிடம் அனுமதி வாங்கித்தான் அனுப்புகிறேன், எடுத்துக்கொண்டு வந்துவிடவில்லை. லென்ஸிலிருந்து கல் வரைக்கும் காற்றுப் புகாமல் மூடிவிடு. ஃபேனைப் பின்பக்கம் மாற்று.

இதற்கெல்லாம் எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். டெஸ்ட் நாளில் என் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கவேண்டும். மிஷின் ஜெயித்தால், இது யார் செய்தது என்று உன் பெரியப்பா தன் வாயால், என் பெயர் சொல்லி, அத்தனை பேர் எதிரே சொல்லவேண்டும். நீ சொல்லக்கூடாது, அவர் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கல்லைத் திருப்பி அனுப்பிவிடு, நம் கதை அதோடு முடிந்தது.

மதி


கணபதி
10 செப்டம்பர் 2025

மதி,

நீ கேட்டதை அப்படியே பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். "ஜெயிச்சாப் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பிடுங்க முடியவில்லை.

ஃபில்டர் மாட்டினேன். பள்ளம் பழையதைவிட ஆழம்! ஆனால் புதுத் தலைவலி. சுற்றிலும் பவுண்டரி, வெல்டிங், ரோட்டில் டிரான்ஸ்பார்மர். எதை அளந்தாலும் ஊரின் கரண்டுதான் தெரிகிறது, மோட்டாரின் காந்தம் தெரியவில்லை. யோசித்து யோசித்து ஒன்று செய்தேன். பழைய கல்லையும் மாட்டிவிட்டேன். புதுக் கல் மோட்டாரை ஒட்டி, மூலை உடைந்த கல் இரண்டடி தள்ளி. ஊரின் இரைச்சல் இரண்டு கல்லுக்கும் ஒரேமாதிரிதான் கேட்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் மிச்சம் மோட்டார் மட்டும். வேலை செய்கிறது, மதி! டிரான்ஸ்பார்மர் காணாமல் போய்விட்டது. இதை நீ யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்.

நேற்று உடுமலைக்குப் போனேன். உன் அம்மா வாசலிலேயே நிற்கவைத்தார். "வாங்க அம்மணி, என்ன சமாச்சாரம்?" என்று கேட்ட குரலில் வரவேற்பே இல்லை. விஷயத்தைச் சொன்னேன். கடைசி வரை கேட்டார். பிறகு, "எம்மக அங்க அழுதது இந்த ஊட்டுக்குக் கேட்டுச்சுங்க. வாரேன். சேர் போட்டு வையுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். இரண்டு டம்ளர் குடித்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. டெஸ்ட் 29ஆம் தேதி.

அக்ஷயா


கணபதி
2 அக்டோபர் 2025

மதி,

ஜெயித்துவிட்டோம். ஆனால் எப்படி ஜெயித்தோம் என்பதை நான் வரிசையாகத்தான் சொல்வேன், பொறுமையாகப் படி.

பெஞ்சில் ஐந்து மோட்டார், லோடு கொடுத்து ஓடிக்கொண்டிருந்தன. கணபதி ஏரியா மோட்டார்காரர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். உன் அம்மா முன்வரிசையில், நீலச் சேலையில், கையில் போனோடு. ஐந்தில் ஒன்றில் மட்டும் உள்ளே சுற்றுகிற ரோட்டாரின் காப்பர் கம்பி ஒன்றை முனை வளையத்திலிருந்து பற்றுவிட வைத்திருந்தார் பெரியப்பா. எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் இரண்டும் சுத்தம். மூன்றாவதில் கோளாறு பளிச்சென்று தெரிந்தது. கம்பி விட்ட ரோட்டார் சுற்றும்போது காந்தம் விட்டுவிட்டுத் துடிக்கும் என்பாயே, அந்தத் துடிப்பு திரையில் எழுந்து நின்றது. "மூனாவதுங்க" என்றேன். பெரியப்பா முகம் மலர்ந்தது, "அதேதான் அம்மணி!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஷெட் என் கையில் வந்தாகிவிட்டது.

ஆனால் மிச்சம் இரண்டையும் பார்க்காமல் விட மனசு வரவில்லை. நான்காவது சுத்தம். ஐந்தாவதில் அதே துடிப்பு, சின்னதாக.

"அஞ்சாவதும் கெட்டதுங்க" என்றேன்.

பெரியப்பாவின் சிரிப்பு நின்றது. "ஒன்னுதான் அம்மணி கெட்டது. அஞ்சாவது டெஸ்ட் பண்ணி பேக்கிங்குக்குப் போன மோட்டாரு. இப்பத்தான் எடுத்தாந்தேன்." பின்னாலிருந்து யாரோ, "ஏனுங்க, மிஷினு கண்டதுக்கெல்லாம் கோளாறுங்குது போலிருக்குதே" என்றார். சிரித்தார்கள். எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். குங்குமம் இல்லை, ஃபில்டர் இருக்கிறது, இரண்டு கல்லும் இருக்கின்றன. மைக்ரோவேவை அணைத்தேன், துடிப்பு போயிற்று. போட்டேன், வந்தது. அது பொய் இல்லை.

"கழட்டிப் பாருங்க. தப்பா இருந்தா ஷெட்டை இன்னிக்கே காலி பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

கழற்றினார்கள். தண்ணீரை வடித்து, ரோட்டாரை வெளியே இழுத்தார்கள். பெரியப்பாவே பிளையரை வாங்கி ஒவ்வொரு கம்பியாக ஆட்டிப் பார்த்தார். எல்லாம் கெட்டி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். டக்கென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் ஒரு கம்பி பிளையரோடு ஆடிக்கொண்டிருக்கிறது. வளையத்தில் பற்றவைத்தது பாதிதான் பிடித்திருக்கிறது. அவருக்கே தெரியாத கோளாறு, மதி! ஆயிரம் அடி போருக்குள் இறங்கவேண்டிய மோட்டார்.

பிறகு, மிஷினைக் கிண்டல் செய்தாரே அதே ஆள்தான், "யாருங்க இத டிசைன் பண்ணுனது?" என்று கேட்டார்.

"நம்ம அக்ஷ…" என்று ஆரம்பித்தார் பெரியப்பா. நிறுத்தினார். உன் அம்மாவைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உடுமலை மதிவதனிங்க. இந்தா, இவங்க மக. கல்லும் வெளிச்சமும் அந்தப் புள்ளையோட மூளைங்க. அதக் கட்டி ஓட்டுனது நம்ம அக்ஷயா. போன வருசம் நான் மாத்திச் சொல்லிப்போட்டேன்" என்றார்.

உன் அம்மா எழுந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, அழப்போகிறார் என்று நினைத்தேன். போனை நீட்டி, "இன்னொருக்காச் சொல்லுங்க, வீடியோ புடிச்சுக்கறேன்" என்றார். கூட்டமே கொல்லென்று சிரித்தது. பெரியப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மறுபடி முழுசாகச் சொன்னார்.

நேற்று ஆயுத பூசை. லேத்துக்கு, டிரில்லிங் மிஷினுக்கு, வைண்டிங் மிஷினுக்கு எல்லாம் அவரவர் பொட்டு வைத்தார்கள். பெரியம்மா தட்டோடு நம் மிஷின் வரைக்கும் வந்தார். நின்றார். "அந்தப் புள்ள வந்து வெக்கட்டும் கண்ணு" என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார். ஷெட்டிலேயே பொட்டில்லாமல் இருக்கிற மிஷின் இது ஒன்றுதான். எப்போது வருகிறாய்?

அக்ஷயா


உல்ம்
11 அக்டோபர் 2025

அம்மணி,

உன்னை அன்பிளாக் செய்தாயிற்று. ஆனாலும் இதைக் காகிதத்தில்தான் எழுதவேண்டும் என்று தோன்றியது.

வீடியோ உன் கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டது. அம்மா பிடித்ததில் உன் பெரியப்பாவின் மூக்குக்கு மேல்தான் தெரிகிறது, ஆனால் குரல் முழுசாக இருக்கிறது. எத்தனை தடவை கேட்டேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன். இரண்டு கல்லையும் மாட்டிக் கழித்தது உன் மூளை, எனக்குத் தோன்றவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மூலை உடைந்த கல்லை நீ தூக்கிப் போடாமல் மாட்டினதில் எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று நேரில் சொல்கிறேன்.

ஐந்தாவது மோட்டாரை நீ சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னாய். அந்த இடத்தைப் படிக்கும்போது உன்மேல் இருந்த கோபம் மொத்தமும் போய்விட்டது.

இங்கே வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். தீபாவளிக்கு முதல்நாள் கோவையில் இறங்குகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேராக ஷெட்டுக்குத்தான் வருகிறேன். பெரியம்மாவிடம் சந்தனமும் குங்குமமும் எடுத்து வைக்கச் சொல். எங்கே வைக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

வாரேன்.

மதி